வாசம் குடித்த கிண்ணம்

திருநெல்வேலி டவுனில் வெள்ளிச்செம்புத் தெரு என்று ஒரு தெரு இருக்கிறது, அந்தத் தெருவுக்கு ஒரு கோடையில் பதினேழு நாள் வாசனை என்பதே இல்லாமல் போனது. இன்றைக்குப் போய்க் கேட்டாலும் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள்; ஆற்றில் தண்ணீர் வற்றியதால் என்பார் ஒருவர், புதிதாக நட்ட செல்போன் டவரால் என்பார் இன்னொருவர், கோயிலில் ஏதோ ஒரு பூசையை அரைகுறையாக முடித்துவிட்டார்கள் என்று குரலைத் தாழ்த்திச் சொல்லவும் இரண்டு பேர் இருப்பார்கள். நாற்பத்து மூன்றாம் நம்பர் வீட்டு மாடியில் குடியிருந்த விண்ணரசியின் ஃபிரிட்ஜை மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள். நடந்ததெல்லாம் அதற்குள்தான் நடந்தது.

விண்ணரசி உவரிக்குப் பக்கத்துக் கடற்கரைக்காரி, வீட்டிலேயே மிஷின் போட்டு ஜாக்கெட்டும் நைட்டியும் தைப்பவள். புருஷன் அருளப்பன் தனியார் பஸ்ஸில் டிரைவர், மகள் ஜெனோவா ஆறாம் வகுப்பு. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் இது அவர்களுக்கு ஏழாவது வீடு. முந்தைய ஆறையும் விட்டதற்குக் காரணம் ஒன்றே ஒன்றுதான். ஒரு வீட்டில் சாளை பொரித்தாள், ஒரு வீட்டில் நெத்திலிக் குழம்பு வைத்தாள், ஒரு வீட்டில் எதுவுமே செய்யவில்லை, மீன் வாங்கிய பையை அலசிக் கொடியில் காயப்போட்டாள், அதற்கே வீட்டுக்காரருக்கு மூக்கு வேர்த்துவிட்டது. ஒவ்வொரு முறையும் மிஷினைக் கழற்றி ஆட்டோவில் ஏற்றி, ஜெனோவாவுக்குப் புதுப் பள்ளிக்கூடம் பிடித்து, புது அடுப்படியில் பழைய டப்பாக்களை அடுக்கி அடுக்கி, அவளுக்கு ஓர் இடத்தில் உட்காரவே பயம் வந்துவிட்டது. தைக்கும்போதுகூட ஸ்டூலின் நுனியில்தான் உட்காருவாள்.

வீட்டுக்காரி பிரமநாயகி அம்மாள் கீழே தனியாக இருந்தாள். நெற்றி நிறையத் திருநீறு, இடுப்பில் சாவிக்கொத்து, தெருவில் யார் வீட்டுச் சாம்பாரில் பெருங்காயம் குறைவு என்று வாசலில் இருந்தே சொல்லிவிடும் மூக்கு. குடிவந்த அன்று மாடிச் சாவியைக் கொடுக்காமல் கையில் வைத்துக்கொண்டே பேசினாள்.

"நீங்க என்ன சாமி கும்பிடுதியன்னு நான் கேக்க மாட்டேன். வெளிய ஓட்டல்ல போயி என்னத்தத் திங்கியன்னும் கேக்க மாட்டேன். எனக்கு வாடை வரக் கூடாது, அவ்வளவுதான். ஒரு நாள் வந்தாலும் மறுநாள் மிஷினைக் கட்டிர வேண்டியதுதான்."

"வராதும்மா," என்றாள் விண்ணரசி. சொல்லும்போதே மாடிப்படியில் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துக்கொண்டாள்.

பிரமநாயகி ஃபிரிட்ஜ் வாங்காதவள். குளிரில் வைத்தாலும் பழையது பழையதுதான், சாமிக்குப் படைக்கிற வீட்டில் அது ஆகாது என்பது அவள் கட்சி. ஆனால் பூவுக்கு மட்டும் அந்தச் சட்டம் கிடையாது. வெள்ளிக்கிழமை காலைப் பூசைக்கு வியாழக்கிழமை சாயங்காலமே பிச்சிப்பூ வாங்கிவிடுவாள், வெக்கையில் கருகிவிடுமே என்று வாழையிலையில் சுற்றி மாடிக்குக் கொண்டுவந்து, "இதை மட்டும் ஒன் பெட்டியில ஒரு ஓரமா வையம்மா," என்பாள். வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது? ஆக, வாரத்துக்கு ஒரு ராத்திரி சிவனுக்குப் போகவேண்டிய பூவும், உவரியிலிருந்து விண்ணரசியின் அம்மா பஸ்ஸில் கொடுத்தனுப்பும் கருவாடும் ஒரே பெட்டிக்குள் படுத்துக் கிடந்தன.

அனுப்பாதே என்று அம்மாவிடம் நூறு தரம் சொல்லியாயிற்று. "புல்லையும் பூண்டையும் தின்னு எப்பிடி மக்கா உசிரோட இருக்க?" என்று போனில் அழுவாளே தவிர, அடுத்த வாரமும் பொட்டலம் வந்துவிடும். தூக்கியெறிய விண்ணரசிக்கு மனசு வராது, அது அவளுடைய ஊர், அவளுடைய நாக்கு. மூன்று பாலிதீன் பையில் சுற்றி, மூடி இறுக்கிய டப்பாவில் போட்டு, ஐஸ் தட்டுக்குப் பின்னால் ஒளித்து வைப்பாள். கோயில் விசேஷத்துக்குத் தெருவே காலியாகும் நாளில் ஜன்னலையெல்லாம் அடைத்து ஒரு துண்டை வதக்கி, மூன்று பேரும் திருடர்கள் மாதிரி நின்றுகொண்டே தின்பார்கள். வாடை மட்டும் எத்தனை பைக்குள் கட்டினாலும் வெளியே வந்து, தண்ணீர் பாட்டிலில் ஏறி, மாவில் ஏறி, கதவு ரப்பரில் ஏறிக்கொண்டு, ஃபிரிட்ஜைத் திறந்தவுடன் முகத்துக்கு நேரே வந்து நின்றது.

விண்ணரசி வைத்தியம் கேட்காத ஆள் இல்லை, எதற்கு என்பதை மட்டும் சொல்லாமல் கேட்டாள். எதிர்வீட்டு டீச்சர் அரை எலுமிச்சம்பழத்தில் நாலு கிராம்பைக் குத்தி வைக்கச் சொன்னாள்; வைத்தாள், ஒரு பகல் மணத்தது, மறுநாள் எலுமிச்சம்பழமே கருவாடாகிவிட்டது. மளிகைக் கடைக்காரர் ஆப்ப சோடாவைத் திறந்த கிண்ணத்தில் வைக்கச் சொன்னார்; அது ஒன்றரை நாள் தாங்கியது. செல்போனில் பேசிய ஒரு பெண் காப்பிப்பொடி என்றாள். அதற்குப் பிறகு ஃபிரிட்ஜில் காப்பி குடித்த கருவாடு இருந்தது. தெருமுக்கில் வண்டி போட்டு இஸ்திரி தேய்க்கும் பூலுடையார், "கரியை வையும்மா, கரி எதையும் குடிச்சிரும்," என்று தன் மூட்டையிலிருந்து ஒரு கை அள்ளிக் கொடுத்தார். வினிகரைத் தண்ணீரில் கலந்து தட்டுத் தட்டாகத் துடைத்ததில் விரல் வெளுத்ததுதான் மிச்சம்.

சித்திரை மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், பூ வருவதற்கு அரை மணி நேரம் இருக்கும்போது, ஒவ்வொன்றாக வைத்தால்தானே தோற்கிறது என்ற ஆத்திரத்தில் சோடா, காப்பிப்பொடி, கரி, கிராம்பு, உலர்ந்த எலுமிச்சைத் தோல் எல்லாவற்றையும் ஒரே எவர்சில்வர் கிண்ணத்தில் கொட்டி, கத்தரிக்கோலின் பிடியால் இடித்துக் கலக்கி உள்ளே தள்ளிக் கதவை அறைந்து சாத்தினாள். எது எவ்வளவு போட்டாள் என்று பிறகு அவளுக்கே நினைவில்லை. ஒரு மணி நேரம் கழித்துத் திறந்தபோது ஃபிரிட்ஜில் கருவாட்டு வாடை இல்லை. ஐஸ் வாடையும் இல்லை, மாவின் புளிப்பும் இல்லை, ஒன்றுமே இல்லை. டப்பாவைத் திறந்து பால்சுறாக் கருவாட்டுத் துண்டை மூக்கில் வைத்து உறிஞ்சினாள். மரக்கட்டை.

வெள்ளிக்கிழமை காலை பூவை வாங்கிக்கொண்டு போன பிரமநாயகி பாதிப் படியில் நின்றாள். "பூவு நல்லாத்தான் இருக்கு, மணத்தைக் காணுமே," என்றாள். பூக்காரியை வைதுவிட்டுப் போய்ச் சாமிக்குச் சார்த்தினாள், சாமி ஒன்றும் சொல்லவில்லை.

கிண்ணம் ஃபிரிட்ஜோடு நிற்கவில்லை. மறுநாள் மாடி வீட்டின் வாசனைகளைக் குடித்தது, அடுத்த நாள் கீழ்வீட்டின் திருநீற்றையும் நல்லெண்ணெயையும் குடித்தது, ஐந்தாம் நாள் தெருவைக் குடித்துவிட்டு முக்கு திரும்பியது. முதலில் எல்லோரும் தனக்கு மட்டும் சளி என்று நினைத்துக்கொண்டு ஆவி பிடித்தார்கள், பிறகு டாக்டர் வீட்டு வாசலில் தெருவே வரிசையில் நின்றபோதுதான் டாக்டரும் காலையிலிருந்து தன் டெட்டாலை மோந்து பார்த்துக்கொண்டிருந்தது தெரிந்தது. பேப்பரில் நாலு வரி வந்தது. சாக்கடை நாறாததைப் பார்த்த வார்டு கவுன்சிலர் அதைத் தன் சாதனையில் சேர்த்து விளம்பரத் தட்டி வைத்தார். ஒரு வாரத்தில் ஜனங்கள் பழகிவிட்டார்கள். பாலை நாக்கில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக் காய்ச்சினார்கள், காஸ் அடுப்பைப் பற்றவைக்கும் முன் வீட்டுக் கதவையெல்லாம் திறந்துபோட்டு நூறு எண்ணினார்கள், அல்வாக் கடைக்காரர் மணத்தால் ஆளை இழுக்க முடியாமல் வாசலில் ஆள் நிறுத்திக் கூவவிட்டார், ஊதுபத்திக் கடைக்காரர் புகை எத்தனை வளையம் போடும் என்று சொல்லி விற்றார். தெருவுக்குள் அதுவரை கால் வைக்காத மீன்காரர் சைக்கிளில் ஒருநாள் தெரியாமல் நுழைந்துவிட்டார், திரும்பிப் போகும்போது கூடை காலி. யார் வாங்கினார்கள் என்று கேட்டால் தெருவில் ஒருவருக்கும் தெரியாது.

விண்ணரசிக்கு அந்த நாட்கள் சந்தோஷமானவை, அதை அவள் மறைக்கவுமில்லை. ஒரு வெள்ளிக்கிழமை உச்சிப்பொழுதில், கீழே பிரமநாயகி மணி ஆட்டிக்கொண்டிருக்கும்போதே, மேலே ஜன்னலை மலர்த்தித் திறந்துவைத்து அரைக் கிலோ சாளையைப் பொரித்தாள். எண்ணெய் சடசடவென்று கொண்டாடியது. ஜெனோவா முள்ளைத் துப்பிக்கொண்டே, "அம்மா, இனி நாம இங்கயே இருப்போமா?" என்று கேட்டாள். "சாகுற வரைக்கும்," என்றாள் விண்ணரசி. வாய்க்குள் போட்ட மீன் வெறும் உப்பாகவும் காரமாகவும் மட்டும் இருந்ததை அவள் சொல்லவில்லை.

ஆனால் ஊருக்குள் ஓர் இருப்புக்கொள்ளாமை வந்து சேர்ந்திருந்தது, அதற்கு யாரும் பெயர் வைக்கவில்லை. தெருநாய்கள் தங்கள் தெரு எது என்று தெரியாமல் பகல் முழுக்க நடந்தன, நின்றன, மூக்கைத் தரையில் வைத்தன, மறுபடியும் நடந்தன. பெண்கள் அடுப்படிக்குப் போய் எதற்கு வந்தோம் என்று தெரியாமல் திரும்பினார்கள். புருஷன்மார்கள் வேலை விட்டு வந்து தன் வீட்டு வாசலிலேயே செருப்பைக் கழற்றத் தயங்கினார்கள். சாயங்காலங்களில் யாரும் வீட்டுக்குள் உட்காரவில்லை, தெருவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே இருந்தார்கள், எதிரே வருபவரைப் பார்த்து மூக்கை விடைத்து, ஒன்றும் கிடைக்காமல் சிரித்துவிட்டுப் போனார்கள்.

பிரமநாயகியின் ஒரே மகள் மங்கையர்க்கரசி பிரசவத்துக்கு வந்திருந்தாள். தூத்துக்குடியில் துறைமுக வேலைக்காரருக்கு வாழ்க்கைப்பட்டவள், ஏழாம் மாதமே கூட்டிவந்திருக்க வேண்டியவள், அதுவும் இதுவும் சாக்குச் சொல்லிக் கடைசி வாரத்தில்தான் வந்து இறங்கினாள். முன்பக்கம் திறக்கிற மாதிரி நாலு நைட்டி தைக்க அளவு கொடுக்க மாடிக்கு வந்தபோது அவள் கண் இரண்டு தரம் ஃபிரிட்ஜுக்குப் போனது.

"அதுல என்னக்கா வச்சிருக்கிய?" என்றாள்.

"ஒங்க அம்மா பூவும் எங்க மாவும்தான்," என்றாள் விண்ணரசி.

"அவ்வளவுதானா," என்று சொல்லிவிட்டு மங்கை வயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

பெண் பிள்ளை. ஆற்றுக்கு அக்கரையில் ஆஸ்பத்திரியில் பிறந்தது. கிண்ணம் அப்போது ஆறு தாண்டியிருக்கவில்லை. அங்கே இருந்த மூன்று நாளும் பிள்ளை உறிஞ்சி உறிஞ்சிக் குடித்ததாகவும், நர்சுகளே திருஷ்டி கழித்ததாகவும் பிரமநாயகி தெருவெல்லாம் சொன்னாள். வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றைக்குத்தான் தொடங்கியது. மார்பில் சேர்த்தவுடன் பிள்ளை மூக்கால் அங்குமிங்கும் துழாவும், எதையோ தேடும், கிடைக்காமல் தலையைத் திருப்பிக்கொண்டு கத்தும். பாலாடையில் புகட்டியதில் பாதி கடைவாயில் வழிந்தது, பாட்டிலைக் காட்டினால் நாக்கால் தள்ளியது. பூண்டும் பெருங்காயமும் போட்டு மங்கைக்குப் பத்தியச் சோறு நடந்தது, பால் கட்டிக்கொண்டு மங்கை பல்லைக் கடித்தாள், மந்திரிக்க ஆள் வந்தார், வசம்பு கட்டினார்கள். நாலாம் நாள் மறுபடி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அதற்குள் ஆஸ்பத்திரியையும் கிண்ணம் குடித்துவிட்டிருந்தது. பிள்ளை உடம்பில் ஒரு குறையும் இல்லை, நாளைக்கும் இப்படியே இருந்தால் சேர்த்து டிரிப் போட வேண்டியிருக்கும் என்றார்கள்.

அந்த அழுகை மாடிக்கு ஏறி வந்தது. விண்ணரசி மிஷினை மிதித்தாள், அழுகை கேட்டது. வேகமாக மிதித்தாள், அப்போதும் கேட்டது. தைத்துக்கொண்டிருந்ததும் அந்தப் பிள்ளைக்கான உள்சட்டைதான். பால் வாங்கச் சந்துக்குள் போனாள். பால்காரர் மாடசாமியின் பசு தன் கன்றை மோந்து பார்த்துவிட்டு, அது யாரோ என்பதுபோல் பின்காலால் எத்தியது. கன்று மறுபடி வந்தது. பசு மறுபடி மோந்து பார்த்தது, மறுபடி எத்தியது.

"ஒரு வாரமா இப்படித்தான்," என்றார் மாடசாமி. "வாசம் தெரிஞ்சாத்தானம்மா பிள்ளை? இப்போ அதுக்கு இதுவும் ஒரு நாய்க்குட்டிதான்."

விண்ணரசி பால் வாங்காமல் வெறும் செம்போடு வீட்டுக்கு ஓடிவந்தாள். ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்தாள். கிண்ணம் வைத்த இடத்தில் இருந்தது, கருஞ்சாந்தாக விளிம்புவரை உப்பியிருந்தது. அன்றைக்கு அருளப்பன் சாப்பிட உட்கார்ந்தபோது எல்லாவற்றையும் சொன்னாள். அவன் சோற்றில் வைத்த கையை எடுக்காமல் கேட்டான்.

"இன்னொரு வீடு தேட எனக்குத் தெம்பு இல்ல விண்ணு. ஜெனோவாவுக்கு இந்தப் பள்ளிக்கூடத்துலதான் கூட்டாளின்னு ரெண்டு பேரு இருக்கு. கீழ பிள்ள அழுறது நம்ம குத்தமா?"

"நம்ம குத்தம்தான்."

"நெசமாத்தான் சொல்லுதியா?"

"எதுக்கு நான் பொய் சொல்லணும்?" என்றாள். இரண்டு பேரும் கீழிருந்து வந்த அழுகையைக் கேட்டுக்கொண்டு தட்டைப் பார்த்தபடி இருந்தார்கள்.

மறுநாள் காலை அவள் பூலுடையாரிடம் போனாள். இஸ்திரிப் பெட்டியில் கனல் விசிறிக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, கரி குடிச்சதைத் திரும்ப வாங்க முடியுமா?"

"ஏன் முடியாது? உச்சி வெயில்ல வைச்சா எல்லாத்தையும் கக்கிரும். வரிசை மட்டும் தலைகீழா இருக்கும். கடைசியாக் குடிச்சதை முதல்ல கக்கும். முதல்ல குடிச்சது அடியில கிடக்கும், அது கடைசியிலதான் வரும்."

அடியில் கிடப்பது என்ன என்று விண்ணரசிக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து மிஷினின் மேல் ஒரு பழைய பெட்ஷீட்டைப் போட்டுக் கட்டினாள், ஜெனோவாவின் புத்தகங்களைச் சாக்கில் போட்டாள், அடுப்படி டப்பாக்களை இறக்கிவைத்தாள். எட்டாவது வீடு எந்தத் தெருவில் இருக்குமோ என்று நினைத்தபோது அழுகை வந்தது, மூக்கைச் சிந்திக்கொண்டாள். பதினொரு மணிக்கு அக்கினி நட்சத்திர வெயிலில் மொட்டைமாடிக்கு ஏறிக் கைப்பிடிச் சுவரின் மேல் கிண்ணத்தை வைத்தாள்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு சாந்து வெடித்தது, அக்கரை ஆஸ்பத்திரியின் மருந்து வாடை ஒரு மூச்சாக வந்து காற்றில் ஏறிப் போனது. அதன் பின்னால் ஆற்றுப் பாசி, ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டின் டீசலும் மூத்திரமும், பழக்கடைகளின் அழுகல் மாம்பழம், அல்வாக் கடை நெய், சாக்கடை, மாட்டுச் சாணம், பூக்காரியின் தொட்டியில் நனைந்த சாக்கு, பூலுடையாரின் கனல், தாழம்பூ, ஊதுபத்தி, யார் வீட்டிலோ தாளித்த கடுகு எல்லாம் ஒன்றின் முதுகைப் பிடித்துக்கொண்டு ஒன்று வெளியே வந்து, வீடு எது என்று தெரிந்த மாடுகள் மாதிரி தத்தம் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தன. தெரு ஒரு கணம் நின்றது. பிறகு யாரோ "அய்யோ, சாம்பார் கருகுதே!" என்று சந்தோஷமாகக் கத்தினார்கள். நடந்துகொண்டிருந்த நாய்களெல்லாம் திரும்பி ஓடின. சந்துக்குள் பசு தொண்டை கிழிய ஒரு குரல் கொடுத்தது. சிலர் அழுதார்கள், சிலர் தங்கள் புருஷன் சட்டையைக் கொடியிலிருந்து உருவி முகத்தில் அப்பிக்கொண்டார்கள், கவுன்சிலர் தட்டியை இரண்டு பேர் கழற்றினார்கள்.

அதன் பிறகு கீழ்வீட்டு வாசனைகள் வந்தன: திருநீறு, நல்லெண்ணெய், பூண்டு, பத்திய ரசம், மஞ்சள், பச்சை உடம்புக்காரியின் வேர்வையும் பாலும் கலந்த இளஞ்சூட்டு வாசம். விண்ணரசி கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு காதைத் தீட்டினாள். இனி அழுகை நிற்க வேண்டும். நின்றுவிட்டால் கிண்ணத்தைத் தூக்கி ஃபிரிட்ஜுக்குள் தள்ளிக் கதவைச் சாத்திவிடலாம், அடியில் கிடப்பது அடியிலேயே கிடக்கட்டும், சாக்கில் கட்டிய புத்தகத்தைப் பிரித்துவிடலாம்.

அழுகை குறைந்தது. பிள்ளை மோந்து பார்க்கிறாள் என்று நினைத்தாள். "குடிடி, குடிடி என் தங்கம்," என்று மங்கை கெஞ்சுவது கேட்டது. அடுத்த நிமிஷம் அழுகை முன்னைவிடப் பலமாக எழுந்தது.

கிண்ணத்தின் அடியில் இரண்டு விரல் உயரத்துக்குச் சாந்து இன்னும் ஈரமாக இருந்தது. விண்ணரசி கிண்ணத்தைத் தூக்கிவிட்டாள். தாயின் வாசம் வந்தும் குடிக்காத பிள்ளைக்கு இவள் இனி என்ன செய்ய முடியும்? செய்ய வேண்டியதைச் செய்தாயிற்று. அப்படித்தான் எண்ணினாள், இரண்டு படி இறங்கவும் செய்தாள். அழுகை அவளைப் போகவிடவில்லை. எதனால் என்று அவளுக்குத் தெரியாது, இன்னும் எதுவோ பாக்கியிருக்கிறது என்பது மட்டும் தெரிந்தது. கர்த்தரே என்று சொல்லித் திரும்ப ஏறினாள், கிண்ணத்தை வெயிலில் வைத்து, சாந்தை விரலால் கிளறி அடிவரைக்கும் மலர்த்திவிட்டாள்.

வந்தது. மூன்று வாரம் அடங்கிக் கிடந்த பால்சுறாக் கருவாடு, உவரி மணலும் உப்பும் உச்சி வெயிலுமாக எழுந்து, கைப்பிடிச் சுவரில் வழிந்து, மாடிப்படி வழியாக ஒவ்வொரு படியாக இறங்கியது. விண்ணரசி அதன் பின்னாலேயே இறங்கினாள், அது அவளுக்கு முன்னால் போய் முற்றம் தாண்டி, பிரசவ அறையின் ஜன்னல் வழியாக உள்ளே நுழைந்தது.

அழுகை நின்றது.

நின்றது என்றால் பட்டென்று நின்றது. விண்ணரசி கடைசிப் படியில் நின்று ஜன்னல் வழியாகப் பார்த்தாள். பிள்ளையின் வாய் மார்பைக் கவ்வியிருந்தது, கன்னம் இரண்டும் ஓடிவந்த மாதிரி ஏறி இறங்கின. "மக்" "மக்" என்று விழுங்கும் சத்தம் முற்றம்வரை கேட்டது. மங்கையின் கண்ணில் தண்ணீர் தாரையாக ஊற்றியது.

பிரமநாயகிக்கு மூக்கு திரும்பி வந்து பத்து நிமிஷம்தான் ஆகியிருந்தது, அதில் முழுசாக ஏறியது இதுதான். முகம் சுருங்கியது. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்துபோய் ஜன்னல் கதவு இரண்டையும் இழுத்துச் சாத்தினாள். பிள்ளை வாயை எடுத்துவிட்டுக் கத்தியது. பிரமநாயகி நின்றாள். ஒரு கதவைத் திறந்தாள். கத்தல் நின்றது. நம்பாமல் மறுபடி சாத்தினாள், பிள்ளை மறுபடி கத்தியது.

"சன்னலை அடைக்காதம்மா," என்றாள் மங்கை.

"என்னட்டி வாடை இது, தெரியுதா ஒனக்கு? இதைப் போயி..."

"தெரியும். எட்டு மாசமும் நான் அங்க இதைத்தாம்மா தின்னேன். அவுக வாங்கிட்டு வருவாக. முதல்ல கொமட்டுச்சு, பெறகு இது இல்லாம எனக்குச் சோறு எறங்கல. ஆஸ்பத்திரியிலயும் ஒனக்குத் தெரியாம ஒரு துண்டு கொண்டாந்து தந்தாக. ஒன்கிட்ட எப்படிச் சொல்ல? வயித்துக்குள்ள இருந்து இவ எந்த மணத்தைக் கண்டா? இதைத்தான கண்டா. இவளுக்கு இதுதாம்மா நான்."

பிரமநாயகி மகளைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள். பூசைக்கு ஐம்பது வருஷமாகப் பூத்தொடுத்த கை ஜன்னல் கதவின் விளிம்பைப் பிடித்தபடி இருந்தது, சாத்தவுமில்லை, விடவுமில்லை. காற்று கதவைத் தள்ளியபோதெல்லாம் கை அதைத் தாங்கிப் பிடித்துத் திறந்தே வைத்திருந்தது. மூக்கில் இருந்த முந்தானை எப்போது கீழே விழுந்தது என்று அவளுக்கே தெரியாது.

கரி அப்பிய கையோடு விண்ணரசி படியில் நிற்பதைப் பிரமநாயகி அப்போதுதான் கண்டாள். அந்தக் கண்ணைச் சந்திக்க விண்ணரசியால் முடியவில்லை.

"மிஷினைக் கட்டிட்டேன்மா," என்றாள். "அவுக வண்டி முடிஞ்சு வந்ததும் காலி பண்ணிருதோம்."

பிரமநாயகி ஜன்னல் வழியாக அண்ணாந்து கைப்பிடிச் சுவரில் இருந்த கிண்ணத்தைப் பார்த்தாள். "மேல வெயில்ல வச்சிருக்கியே, அது என்னது?"

"கருவாட்டு வாடைதாம்மா."

"அது தெரியுது. என்ன கருவாடுன்னு கேக்கேன்."

"பால்சுறா."

பிரமநாயகி வாயை ஒரு மாதிரிக் கோணினாள். பேத்தி ஒருமுறை மூச்சு வாங்கிவிட்டு மறுபடி கவ்விக்கொள்வதைக் கழுத்தைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு ஜன்னல் கதவை விடாமலேயே விண்ணரசியிடம் சொன்னாள்:

"ஒரு பக்கந்தான் குடிச்சிருக்கா, இன்னொரு பக்கம் மாத்தணும். கிண்ணத்தை எடுத்துராத."